முள்ளிவலசை விலக்கு

ட்யூபில் ஓட்டை எங்கென்று தெரிந்ததும்
சுற்றி வட்டம் போட
மஞ்சள் சாக்பீஸ் வைத்திருப்பேன்.
அதைத்தான் ஏட்டையா
இரவல் கேட்பார்.

முதலில் ஒரு டாட்டா ஏஸ்.
அடுத்து,
நண்டுக் கம்பெனிக்கு விடியுமுன் நடந்த நம்புச்செல்வி.
செருப்பைச் சுற்றி ஒரு வட்டம்
தூக்குவாளியைச் சுற்றி ஒரு வட்டம்
அவளைச் சுற்றி
கட்டி தேயும்வரை ஒரு கோடு.
மிச்சத்தைத் திருப்பித் தந்தார்
நகக்கண் அளவு.
எறியவும் மனமில்லை
டயரில் வைக்கவும் கை வரவில்லை.

தொண்டிப் பக்கமிருந்து வருகிறவனுக்கு
ஊர்ப்பாதை தெரியாது.
ஊர்ப்பாதையில் ஏறுகிறவனுக்குத்
தொண்டி ரோடு தெரியாது.
நடுவில் சீமைக்கருவேலம்.
இருவருக்கும் தெரிவது
என் கடைவாசலில் தொங்கும் டயர் மட்டும்.

சத்தம் வைத்தே சொல்வேன்.
ஐஸ் லாரி பிரேக் இழுத்து அழும்.
ராமேஸ்வரம் போகும் வேன்
ஆரன் மட்டும் அடிக்கும்.
சாமி எங்கே ஓடிவிடப் போகிறதோ.
ஆரனுக்குப் பிறகு
ஒரு சத்தமும் இல்லையென்றால்தான்
ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

ராமநாதபுரத்து ஆபீசில்
களஞ்சியம் அண்ணனும் நானும்
மனுவோடு நின்றோம்.
கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்கள்:
இத்தனை சாவு இருந்தால்தான் அபாய இடம்,
உங்களுக்கு ஒன்று குறைகிறது.
சந்தியாகு மகனைச் சேர்த்தீர்களா என்றேன்.
அவன் மதுரை பெரியாஸ்பத்திரியில் போனவன்,
இந்தக் கணக்கில் வரமாட்டான்.
அண்ணன் யாரையும் பார்க்காமல் கேட்டார்:
"அந்த ஒண்ணுக்கு
நாங்களே ஆளைப் பாத்து அனுப்பணுமா?"
மனுவில் சீல் விழுந்தது.

திரும்பி வந்து பஸ்ஸிறங்கி
ரோட்டைக் கடக்கையில்
ரெண்டு பேரும் கைபிடித்துக்கொண்டோம்.
ஐம்பது வயசில்.

ஜகுபர்தான் அதைச் சொன்னான்.
நண்டு வலை விட்டால்
முனைக்கு ஒரு மிதப்பு,
மிதப்பில் ஒரு மினுக்கு விளக்கு,
விசைப்படகு ஏறி அறுத்துவிடாதிருக்க.
"வலைக்கு வைக்கிறோம்ல மாமா,
ஆளுக்கு வெச்சா என்ன?"

அன்றிரவே கருவேலத்தில் வெட்டு விழுந்தது.
கம்பெனிப் பெண்கள் அரிவாளோடு வந்தார்கள்,
கையெல்லாம் முள்,
வாயெல்லாம் வசவு.
நாலு ட்ரம்மில் கடற்கரை மணல்,
படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சை,
உச்சியில் வலைவிளக்கு.
ரோட்டில் எழுத
படகு எண் எழுதும் வெள்ளை இருந்தது.
கோடு எங்கே என்று கேட்டார்கள்.

கல்லாப்பெட்டியிலிருந்து
அந்த நகக்கண் துண்டை எடுத்தேன்.
அவள் விழுந்த இடத்திலிருந்து
முப்பது தப்படி முன்னால் போய்க்
குனிந்து இழுத்தேன்.
பாதி ரோட்டில் தீர்ந்துவிட்டது.
மீதியை விரலால் காட்டினேன்.

அதன் பிறகு லாரிகள் தயங்கின.
கேரளாக்காரன் ஒருவன் தலையை நீட்டி
"கடல் இவிடெ வரெ வந்நோ?" என்றான்.
பதினோராம் நாள்
அனுமதியில்லையென்று ட்ரம்மை ஏற்றிப் போனார்கள்.
மறுமாதம் ஒரு பலகை வந்தது:
விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்.
அதை நட்டது
நாங்கள் வெட்டாமல் விட்ட புதருக்குப் பின்னால்.
மறுபடி அரிவாள்.
பலகைக் காலில் மறுபடி விளக்கு.

வலை கடலுக்குப் போகும் நாளில்
விளக்குகளும் போய்விடும்.
அந்த ராத்திரிகளில்
கடையை அடைப்பதில்லை,
டியூப்லைட்டைச் சாலைப்பக்கம் திருப்பி வைத்து
உட்கார்ந்திருப்பேன்.
கொசு மட்டும் வந்துபோகும்.

நேற்று அந்தியில்
ஏட்டையா வந்து நின்றார்.
அவர் வாய் திறக்குமுன்
என் கை தானாகப் போய்
புதுக் கட்டியை எடுத்து நீட்டியது.
அவர் அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"அதில்லப்பா" என்றார்,
"பின் டயர்ல காத்து நிக்கல."