ஏழு புள்ளி மூன்று

பூஜ்யத்திலிருந்து நூறுக்கு
ஏழு புள்ளி மூன்று வினாடி.
ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை சொல்வேன்.
சத்துவாச்சாரி ஷோரூமில்
ஏசிக் குளிரில் நின்றபடி
என் ரத்த வகையைச் சொல்வதுபோல் சொல்வேன்.

அந்த ஏழு வினாடியை நான் பார்த்ததில்லை.
டெஸ்ட் டிரைவ் என்பது
கிரீன் சர்க்கிள் வரை
ஷேர் ஆட்டோவின் பின்விளக்கை முகர்ந்துகொண்டு
இருபத்திரண்டில் போய்ப்
பதினெட்டில் திரும்புவது.
பக்கத்தில் வாடிக்கையாளர்.
பின்சீட்டில் அவர் மனைவி, மச்சான்,
மச்சானின் சந்தேகம்.
"சத்தமே இல்லையே, ஓடுதா?"
ஓடுது சார்.
"மழையில ஷாக் அடிக்காதா?"
அடிக்காது சார்.
"வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?"
இந்தக் கேள்விக்கு மட்டும்
நானும் காரும் ஒரு கணம் யோசிப்போம்.

பயமா இருந்தா ஹைபிரிட் பாருங்க என்பேன்.
அது வேறு சுபாவம்.
ஊர்ந்தால் மின்சாரம், அழுத்தினால் பெட்ரோல்,
எப்போது எது என்று நம்மைக் கேட்காது.
சைதாப்பேட்டைச் சந்தில் பூனை.
பைபாஸ் ஏறியதும் தொண்டையைச் செருமிக்கொள்ளும்.
இரண்டு சம்பளம் வரும் வீடு மாதிரி,
ஒன்று நின்றாலும் அடுப்பு எரியும்.

போன செவ்வாய், விடிகாலை நாலே முக்கால்.
ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் ஜியாவுதீன் பாய்
எட்டு மணிக்குச் சென்னை கிளம்புகிறாராம்,
அதற்குள் வண்டி அவர் வாசலுக்கு வரவேண்டுமாம்.
மேனேஜர் முந்தின ராத்திரியே சொல்லிவிட்டார்:
"அறுபதைத் தாண்டாதே வினோதினி.
பாதி சார்ஜோட போய் நின்னா
பாய் பெட்ரோல் காரே போதும்பார்."

கோணவட்டம் தாண்டியதும்
முன்னால் யாரும் இல்லை.
கண்ணாடியிலும் இல்லை.
வலப்பக்கம் பாலாறு,
தண்ணீர் இல்லாத அதன் முழு அகலத்தோடு.
ஓரங்கட்டி நிறுத்தினேன்.
இண்டிகேட்டர் போட்டேன், யாருக்கென்று தெரியவில்லை.
பிறகு மிதித்தேன்.

ஒன்று என்று எண்ணும்போதே
தலை கிளிப் தெறித்துப் பின்னால் விழுந்தது.
வயிறு கோணவட்டத்திலேயே தங்கிவிட
மீதி நான் போய்க்கொண்டிருந்தேன்.
சத்தம் இல்லை. அதுதான் விஷயம்.
திருப்பத்தூர் பஸ் கத்திக் கத்தி வேகமெடுக்கும்போது
வேகம் எங்கோ வெளியில் இருக்கும்,
கம்பியைப் பிடித்தபடி நாம் வேடிக்கை பார்க்கலாம்.
இது முதுகுத்தண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
நாலுக்குப் பிறகு எண்ண மறந்தேன்.
யாரோ சிரிப்பது கேட்டது.
காரில் நான் மட்டும்தான்.

ஏழா, எட்டா, எனக்குத் தெரியாது.
திரையில் நூற்று முப்பத்தொன்று.
பக்கத்திலேயே சார்ஜ்
கல்யாண வீட்டில் கரையும் மொய்ப்பணம் போல.

பொய்கைக்கு முன்னால்
சந்தைக்கு மாடு ஏற்றிய மினி லாரிகள், வரிசையாக.
காலை எடுத்ததுமே
வண்டி தானாக இழுத்துப் பிடித்தது.
பச்சை அம்பு ஒன்று
போன வேகத்தில் கொஞ்சத்தை
பேட்டரிக்குத் திருப்பி ஊற்றியது.
நூறு ரூபாய்க்குச் செலவு செய்தவளுக்கு
ஒன்பது ரூபாய் சில்லறை.
கடைசி லாரியிலிருந்து ஒரு கன்றுக்குட்டி
என் ஹெட்லைட்டையே பார்த்தது.
சத்தமில்லாமல் வந்த என்னை
அது என்னவென்று நினைத்ததோ.
பள்ளிகொண்டா டோல்கேட் வரை
அதன் வாலைப் பார்த்தபடி நாற்பதில் போனேன்.
இல்லை, கன்று பொய்கையிலேயே இறங்கிவிட்டது.
நாற்பது மட்டும் கூடவே வந்தது.

ஆம்பூரில் பாய் பானெட்டைத் தட்டிப் பார்த்தார்.
"பிக்கப் எப்படிம்மா?"
ஏழு புள்ளி மூன்று வினாடி, பாய்.
"நீ ஓட்டிப் பாத்திருக்கியா?"
நான் பின்சீட்டுக்கடியில் கைவிட்டு
கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மேனேஜர்
போனில் வண்டியின் கணக்கைத் திறந்து வைத்திருந்தார்.
"நூத்தி முப்பத்தொண்ணா?"
இறக்கம் சார், தானா போயிடுச்சு என்றேன்.
அவர் காஞ்சிபுரத்துக்காரர், நம்பிவிட்டார்.
ஆம்பூர் வரை அத்தனையும் ஏற்றம்தான்.
பாலாற்றைக் கேட்டால் சொல்லும்,
தண்ணீர் வரும் வருஷத்தில்.