பூவா தலையா

பைசாந்துவில் ஜூலைக் காலை.
ஆற்றிலிருந்து ஏறி வந்த பனி
கோல் கம்பங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது.
முக்காலிகளை நட்டேன், தொடக்கக் கோட்டில் ஒன்று,
பத்து மீட்டரில் ஒன்று, முப்பதில் ஒன்று.
ஒளிக்கதிரை எவன் மார்பு அறுக்கிறதோ
அவன் நேரம் என் மடிக்கணினியில் விழும்.
அதற்கு மேல் அந்த மைதானத்தில்
எனக்கு வேலையும் இல்லை, உரிமையும் இல்லை.

இருபத்தெட்டுப் பையன்கள். பதினாறு வயது.
நாணயம் சுண்டித்தான் பிரித்தேன்.
பூ விழுந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்
ஒற்றைக்கால் குந்தல், கனப்பந்து வீச்சு,
தள்ளாடும் பலகை, இடுப்பில் மாட்டி இழுக்க
ஆரஞ்சு நிற ரப்பர் பட்டை.
தலை விழுந்தவர்களுக்கு
என்றும் போல் பந்து, என்றும் போல் வியர்வை.

உனக்குத் தலை விழுந்தது, மைகோல்.
நீங்கள் கட்டுப்பாட்டுக் குழு என்றேன்.
"நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்றாய்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
வேறு பயிற்சி எதுவும் செய்யமாட்டேன் என்ற தாளில்
உன் அம்மா கையெழுத்திட்டு அனுப்பினாள்.

முதல் ஓட்டம் 4.61.
புறப்படும்போது உன் வலது முட்டி
உள்ளே மடிந்தது,
பிறந்த கன்று எழுந்து நிற்கப் பார்ப்பது போல.
அடுத்தவனின் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

அக்டோபர். புல் முளைத்துவிட்டது.
பத்தொன்பதாம் எண், நீ.
கதிர் அறுந்தது, அறுந்தது, அறுந்தது.
4.37.
கருவி கெட்டுவிட்டதென்று
இன்னொரு முறை ஓடச் சொன்னேன்.
4.36.

குறைந்தது கால் நொடி.
ஒரு குறில் வாயிலிருந்து வெளியேறும் நேரம்.
ஆனால் முப்பதாவது மீட்டரில் அது
உன் உடம்பைவிட நீளம்.
தடுக்க வருகிறவன்
நீட்டிய காலுக்கும் எட்டாத தூரம்.

"வளந்துட்டேன் போல" என்றாய்,
கண்ணைப் பார்க்காமல்.
வளர்த்தி முட்டியை நேராக்காது.
அதை நான் சொல்லவில்லை, காத்திருந்தேன்.

பிறகு வந்தது எல்லாம், ஒரே மூச்சில்:
சைக்கிள் டியூப். பழைய பள்ளிப் பையில் ஆற்று மணல்.
தண்ணீர்க் குழாய்மேல் கதவுப் பலகை.
யானினா அக்கா கைப்பேசியில் நொடி எண்ணினாள்.
"லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சுகிட்டு
அவங்க செய்றதப் பாத்தேன்.
செவ்வாய், வியாழன். ஒரு நாள் விடல."

ஒரு நாள் விடவில்லை!
பூ விழுந்த ஃபப்ரீசியோ
பன்னிரண்டில் ஐந்து வாரம்
வயிற்று வலி என்றான்.

இரவு கணக்குப் போட்டேன்.
நீ இருந்தால் இரு குழுக்களும்
கிட்டத்தட்ட ஒன்று.
உன்னை எடுத்தால் வித்தியாசம் எழுந்து நிற்கிறது.
இந்தப் பயிற்சி பலிக்கும் என்பதற்கு
என் கையிலிருக்கும் நல்ல சாட்சி நீதான்.
கூண்டில் ஏற்ற முடியாத சாட்சி.
டாக்டர் எட்செவார்னே தொலைபேசியில்
மாத்தே உறிஞ்சியபடி
"வெட்டிவிடு" என்றார்.
அவர் சொன்னது சரி.

ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
நீ ஒரு வாக்கியம்:
நெறிமுறை மீறியதால் ஒருவர் விலக்கப்பட்டார்.
பெயர் போடக்கூடாது.

கடைசி நாள் பட்டைகளை எண்ணி
பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.
பலகைகள் ஏழு. பந்துகள் ஏழு.
நீ வேலிக்கு அந்தப் பக்கம்
சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றி நின்றிருந்தாய்.
ஒன்றும் கேட்கவில்லை.

துறைக்குத் திருப்பித் தரும் பட்டியலில்
ரப்பர் பட்டை: பெற்றது பதினான்கு,
தந்தது பதின்மூன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில்
"ஒன்று அறுந்தது."