கட்டாயப் புலம்

நோயாளிகள் கீழ்த்தளத்தில், கணினி மாடியில்.
டத்தோ கெராமாட் சாலை டயாலிசிஸ் நிலையத்தின்
நிர்வாகப் பக்கத்தைத் திருத்த வந்திருந்தேன்.

சட்டகம் தானாகவே செய்து தந்த ஃபார்ம் அது.
அட்டவணையைக் காட்டினால் போதும்,
இருபத்தாறு பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடும்
வீடு மாற்றித் தரும் லாரிக்காரன்போல,
அடுப்பு எது கட்டில் எது என்று பாராமல்.

முதற்பெயர்: சிவப்பு நட்சத்திரம்.
குடும்பப்பெயர்: சிவப்பு நட்சத்திரம்.
எந்த ஊரை நினைத்து வைத்தார்களோ.
கீழே கையில் ஊசியோடு நாலு மணிநேரம் படுத்திருப்பவர்கள்
பின், பிந்தி, ஏ/எல், ஏ/பி.
சாய்கோட்டைக் கண்டதும் திரை
மிளகாய் கடித்த பிள்ளையாய்ச் சிவந்துவிடும்.

சியூ ஹூன் நான்கு வருடமாய் இதில் தட்டுகிறாள்.
மானிட்டர் ஓரத்து மஞ்சள் தாளில் அவள் கண்டுபிடிப்பு:
இரண்டாவது பெட்டி, மூன்று புள்ளி.
மூன்றெழுத்துக்குக் குறைந்தால் ஏற்காதாம்.
"என் பேரையே ஏத்துக்கல," என்றாள் மலாயில்.
அவள் குடும்பப்பெயர் ங்.
தமிழில் எழுதிக் காட்டினேன்:
ஒரு மெய், உச்சியில் ஒரு பொட்டு.
"இங்கேயும் புள்ளியா?"

எண்பத்தேழு பேருக்கு மூன்று புள்ளி.
முப்பாற்புள்ளி என்பார்கள் ஆய்தத்தை.
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது.
எண்பத்தேழு ஆய்தங்களையும் ஒரே கட்டளையில் அழித்தேன்.
இரண்டு பெட்டியை ஒன்றாக்கி
'ஐசியில் உள்ளபடி' என்று எழுதினேன்.
ரத்த வகையை மேலே தூக்கினேன்.
தொலைநகல் எண்ணை மடிப்புக்குள் தள்ளினேன், யாரும் தேடவில்லை.
மதியம் கோப்பி ஓ, பையில் கட்டி, ஸ்ட்ராவோடு.

அப்புறம் வந்தது அந்தப் பெட்டி:
அவசரத்துக்கு யாரை அழைப்பது.
நட்சத்திரம்.
பதினொரு வரிசையில் ஒரே கைப்பேசி எண்.
நகலெடுத்து ஒட்டியதில் வந்த பிழை என்று நினைத்தேன்.

"பிழையில்ல. என் நம்பர்.
அவங்களுக்கு யாரும் இல்ல,
பெட்டி காலியா இருந்தா சேமிக்க விடல."

இந்த நட்சத்திரத்தை எடுத்துவிடலாம் என்றேன்.
ஒரே ஒரு சொல்தான்.
காலியாக விடலாமா என்ற வரியில்
பொய் என்றிருப்பதை
மெய் என்று மாற்றினால் முடிந்தது.

கீழே ஓர் இயந்திரம் கத்தியது. யாரோ அமர்த்தினார்கள்.
மஞ்சள் தாளை உரித்துக்கொண்டிருந்தாள், பசை நகத்தில் ஒட்ட.
"எடுத்தா, எனக்கு அப்புறம் வர்றவ
காலியாவே விட்டுடுவா."

கர்சர் கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே துடித்தது.
பொய் பொய்யாகவே இருக்கட்டும் என்று கோப்பை மூடினேன்.

புதுப் பெட்டியில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.
ஏற்றுக்கொண்டது.
பழக்க தோஷம்,
பின்னால் ஒரு புள்ளியும் வைத்தாள்.