இழுவை லோரியின் கணக்கு

முதல் அழைப்பு லிம் சூ காங்கிலிருந்து.
கல்லறைகளைப் பார்த்தபடி மூச்சிரைத்து நின்றது
ஐம்பத்தெட்டாம் வருட மோரிஸ் மைனர்.
குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம்
ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டு
வறண்ட வாயோடு சிரித்தார் குவெக்.
பானெட்டுக்குள் குனிந்தேன்.
எஞ்சினைத் தாண்டித் தரை தெரிந்தது,
தரையில் ஓர் எறும்பு வரிசைகூட.
கியர்க் குமிழில் யாரோ ஒருவருடைய உள்ளங்கைப் பள்ளம்,
என் கைக்குப் பெரியது.

"வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் இதற்குச் சாலை.
இன்று ஒன்று போச்சு" என்றார்,
முகாமிலிருந்து விடுப்பில் வந்த மகன்
காய்ச்சலில் படுத்துவிட்டதுபோல.

இரண்டாவது, தீவு விரைவுச்சாலை, துவாஸ் பக்கம்.
மாம்பழ மஞ்சள். அறுநூறு குதிரைத் திறன்;
ஒரு குதிரையும் கனைக்கவில்லை.
பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு மூடி,
மூடியின் மேல் கம்பெனியின் பெயர்.
அவ்வளவுதான் நமக்குக் காட்டுவார்கள்.
திரை மட்டும் பணிவாகச் சொன்னது:
சேவை நிலையத்தை நாடவும்.
வயிறு தரையில் உரசுகிற வண்டி.
சாய்தளத்தில் இரண்டு பலகை போட்டு
முட்டைத் தட்டைத் தூக்குவதுபோல் ஏற்றினேன்.

ஷர்மதா என் பக்கத்தில் அமர்ந்து
"இன்னும் நாலு வருடம், ஏழு மாதம்" என்றாள்.
வண்டியின் ஆயுளைச் சொல்கிறாள்.
பிறந்த அன்றே இறப்புத் தேதியும்
எழுதித் தருகிற ஊர் இது.
மனசுக்குள் பெருக்கினேன்:
பத்து வருடத்தில் மோரிஸுக்கு நானூற்றைம்பது நாள்,
அதுவும் பெரும்பாலும் ஞாயிறு.
அப்படியானால் எது கிழம், எது
சிக்னல் பச்சையாகிவிட்டது.

காக்கி புக்கிட் பட்டறைச் சந்தில்
இரண்டும் அருகருகே நின்றன.
"எவ்வளவு போகும், அங்கிள்?"
"இறக்கத்தில், பின்காற்றும் இருந்தால், தொண்ணூறு."
"நானும் இங்கே தொண்ணூறுதான்.
ஒரே ஒரு தடவை செப்பாங்கில் அழுத்தினேன்.
திரும்பும்போது உட்லண்ட்ஸில் மூன்று மணி நேரம்."

குவெக் மஞ்சளுக்குள் உட்கார்ந்து பார்த்தார்.
வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அவள் மோரிஸின் ஹாரனை அமுக்கினாள்:
மூக்கடைத்த வாத்து.
மறுபடியும் அமுக்கினாள்.

என் பில் இருவருக்கும் ஒன்றுதான்,
கிலோமீட்டருக்கு இவ்வளவு.
என் முதுகில் ஏறினால் எல்லாமே அறுபது.

இரவு தளத்தைக் கழுவினேன்.
மோரிஸ் நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய்.
மற்றது நின்ற இடத்தில் ஒன்றுமில்லை.
பலகையில் மட்டும் ஒரு கீறல்,
அதன் விளிம்பில்
நகக்கண் அளவு மஞ்சள்.