சுங்க அலுவலகத்துக்கு மூன்றாம் பதில்

மதிப்பிற்குரிய ஹியால்ம்தீர் அவர்களுக்கு,

படிவத்தின் ஏழாவது கட்டம்
இரண்டு விரற்கடை அகலம்கூட இல்லை.
'பொருளின் பயன்பாடு: விளக்குக' என்கிறீர்கள்.
விளக்குகிறேன், தாளின் பின்பக்கத்தில்.

என் கரையில் இந்த ஆண்டு
நானூற்றுப் பன்னிரண்டு ஈடர் வாத்துகள்.
மார்பிலிருந்து தானே பிடுங்கிய தூவியில்
முட்டையைப் புதைத்து உட்காரும் பறவைகள்.
மிஞ்சும் தூவியை விற்றுத்தான்
உங்களுக்கு வரி கட்டுகிறேன்.

நரிக்கும் இதே முகவரி தெரியும்.
நாட்டாமை கேட்டு வருவதில்லை அது,
நேராகக் கிடைக்குள் வருகிறது.
இரவே இல்லாத ஜூனில்
எந்நேரமும் அதற்கு வேலைநேரம்.

என் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா
இசாஃபியோர்துர் கடையில் தீர்ந்துவிட்டது.
அடுத்த சரக்கு ஆகஸ்டில்.
ஆகஸ்டில் முட்டை இராது, குஞ்சு இராது,
நரி இருக்கும், கொழுத்து.

ஆகவே
சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளை
மறுபடி நிரப்பிக்கொள்ள முடிவு செய்தேன்.
மருந்தும் குண்டும் உரிமத்தோடு இங்கேயே வாங்கி
பூட்டிவைத்திருக்கிறேன்.
அவை எல்லை தாண்டி வரா. நான் கேட்கவும் இல்லை.
கேட்டது கருவி மட்டும்,
நெப்ராஸ்காவில், வெர்லின் என்பவரிடம்.

இரும்பு அழுத்தி நூற்றெண்பது டாலர்.
கூலி நூற்று நாற்பது.
எடை கூடினால் கூலி கூடுமென்று
நான்கு பொட்டலமாகப் பிரித்தார் நல்ல மனிதர்.
'சமையலறைச் சாமான் என்று எழுதிவிடட்டுமா,
சீக்கிரம் போய்ச் சேரும்' என்றும் கேட்டார்.
வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதும் என்றேன்.
உள்ளதை எழுதியதற்கு
மூன்று மாதம்.

முதலில் வந்தது கைப்பிடி.
கைப்பிடி மட்டும்.
மூன்று வாரம் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன்.
பிறகு தராசு. பிறகு அழுத்தி,
கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தான் தபால்காரன்,
முதுகு பிடித்துக்கொண்டது.
வராதது வளையம்.
கூட்டின் அடியைக் கவ்வி நிறுத்தும் எஃகு வளையம்,
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது,
பதினொரு டாலர்.
அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.
'ஆயுதப் பாகம்' என்று
நீங்கள் பிடித்துவைத்தது அதைத்தான்.

செவ்வாயன்று வந்தது. நன்றி.
உங்கள் அலுவலகத்து நீல நாடா சுற்றி,
பிரித்து ஒட்டிய அடையாளத்தோடு.
உள்ளே இருந்தது என் வளையம் அல்ல.

இரண்டு திருகு, வெள்ளி முலாம், உட்புறம் மெல்லிய தோல்.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹல்பெரா
ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள்:
கிளாரினெட்டின் வாயில்
நாணலைக் கட்டிவைக்கும் வளையமாம்.

உங்கள் மேசையில் இரண்டு பொட்டலம்
ஒரே நேரத்தில் திறந்து கிடந்திருக்கும்.
குற்றம் சொல்லவில்லை.
இதுவும் வளையம், அதுவும் வளையம்.
இரண்டுக்கும் வேலை பிடித்துக்கொண்டிருப்பது.
இந்நேரம் ஹூசாவிக்கிலோ செல்ஃபோஸிலோ யாரோ
என் எஃகைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி
எந்தப் பக்கம் ஊதுவதென்று பார்த்துக்கொண்டிருப்பார்.

தராசு சும்மா இருக்கிறதே என்று
அந்த வளையத்தை வைத்தேன்:
நூற்றெழுபது கிரெயின்.
கிரெயின் என்றால் தானியமணியாம்,
இந்தக் கழியோரத்தில் நான் பார்த்திராத தானியம்.
பிறகு ஒரு கூட்டின் தூவியை, கழுவிக் காயவைத்து, வைத்தேன்.
அது கனம்.
என்னால் நம்பமுடியவில்லை, மறுபடி வைத்தேன்.
அதுதான் கனம்.

வளையத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
கூலி கட்டியாயிற்று.
வாசிப்பவரிடம் சொல்லுங்கள்,
என்னுடையதில் எண்ணெய் பூசியிருக்கும்,
வாயில் வைக்க வேண்டாம்.

கையிருப்பு: தோட்டா மூன்று.

இப்படிக்கு
ஸ்டெய்ன்வோர்

பி.கு.
நேற்று நான்கு இருந்தது.
தவறிவிட்டது. அது திரும்பி நின்று
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது.
இதற்கும் ஏழாவது கட்டத்தில் இடமில்லை.