ஓர் ஒற்று

செமெய். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
ஊருக்குக் கீழே, பாலம் இல்லாத இடத்தில்
இர்திஷ் ஆற்றின் மேலேயே லாரிகள் போகின்றன.
பனிக்கட்டியில் விரிசல் கண்டால்
நாணற்கட்டைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள்.
விடிவதற்குள் இறுகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் நான் விளக்கை அணைக்கிறேன்.
மூலையில் மஞ்சள் பல்பு ஒன்று போதும்.
நல்ல வெளிச்சமும் இழையை அறுக்கக்கூடியது.

இன்றைய ரத்தம் ஒரு லாரிக்காரருடையது, வயது எழுபத்திரண்டு.
அவர் கைக்குழந்தையாய் இருந்த கோடையில்
ஜன்னல் கண்ணாடி எல்லாம்
ஒரே நொடியில் வீட்டுக்குள் விழுந்ததாம்.
"வலது கை வேண்டாம், ரௌஷன்,
நரம்பு ஓடி ஒளிந்துகொள்ளும்" என்று
இடது கையை நீட்டினார்.

முதலில் நானேதான் உடைக்கிறேன்.
அளந்து வைத்த இரண்டு கிரே எக்ஸ் கதிர்.
ஒவ்வொரு செல்லிலும் எழுபது எண்பது இடங்களில்
இரண்டு இழையும் சேர்ந்தே அறும்.
பிறகு உடம்பின் சூட்டில் குழாயை வைத்துவிட்டு
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

அறுந்ததை யார் முதலில் அறிவது?
உள்ளே கண் இல்லை, கூக்குரல் இல்லை.
வளையமாய் ஒரு புரதம் மிதந்து திரிகிறது.
முழு இழையில் அது ஏற வழியே இல்லை.
முனை கிடைத்தால்தானே மோதிரம் ஏறும்?
ஏறி உட்கார்ந்ததே செய்தி.
இழை சுற்றியிருக்கும் உருளைகளில்
ஒரு புள்ளி விழுகிறது,
அதையொட்டி இன்னொன்று,
லட்சக்கணக்கான எழுத்துகளின் தூரத்துக்கு
இங்கே இங்கே இங்கே என்று புள்ளிகள்.

கதிர் பட்ட உடனே எடுத்த ஸ்லைடில்
செல் ஒவ்வொன்றும் வால்வெள்ளி.
மின்சாரம் இழுத்த பக்கமெல்லாம்
உடைந்த துண்டுகள் பச்சையாய் ஒழுகிக் கிடக்கின்றன.
அரைமணியில் எடுத்ததில் வால் பாதி.
இரண்டு மணியில் எடுத்ததில்
ஐம்பது செல் எண்ணினேன்,
நாற்பத்தாறு வெறும் உருண்டை நிலா.

சந்தோஷப்படலாம். படுகிறேன்.
ஆனாலும் வால் எல்லாவற்றையும் சொல்லாது.
பிரியப்போகும் செல்லுக்குப்
பக்கத்திலேயே ஒரு நகல் இருக்கும்,
பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.
இந்த வெள்ளணு ஓய்வில் இருப்பது.
நகல் கிடையாது, காத்திருக்க நேரமும் கிடையாது.
பிசிறடித்த முனைகளை நறுக்கி
முனையோடு முனை வைத்து ஒட்டிவிடும்.
நறுக்கியதில் இரண்டெழுத்து போயிருக்கலாம்,
ஐந்தெழுத்து போயிருக்கலாம்,
ஒன்றும் போகாமலும் இருக்கலாம்.
என் நிலாக்கள் அதற்கு வாய் திறப்பதில்லை.

பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவர்
தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்:
போலாபெக்.
வீட்டில் வைத்தது போலாத்பெக்.
போலாத் என்றால் எஃகு.
எந்த அலுவலகத்திலோ யாரோ ஒரு குமாஸ்தா
அவசரத்தில் ஓர் ஒற்றை விட்டுவிட்டான்.
"ஒற்றோடு எஃகும் போயிற்று" என்று சிரித்தார்.
லைசென்ஸ் அப்படியே, கல்யாணப் பத்திரம் அப்படியே,
மகன் போலாபெகோவ்,
போன மாதம் பிறந்த பேரனும் போலாபெகோவ்.

அவர் போனபின் கணினியில்
அந்தத் த் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன்.
அப்படி ஒருவர் இல்லை என்றது.
அழித்தேன். உடனே அவர் இருந்தார்.

வாசலில் தொப்பியின் காதுமடல்களை இறக்கிக் கட்டியபடி
"ஒட்டிக்கொண்டதா?" என்று கேட்டிருந்தார்.
ஒட்டிக்கொண்டது என்றேன்.
"தாங்குமா?"
நான் ஸ்லைடு பெட்டியை மூடினேன்.

"சரி விடு," என்றார்.
"ஆற்றில் ஒட்டுப்போட்ட இடத்தில் நாங்களும்
வண்டியை நிறுத்துவதில்லை.
கதவை மட்டும் திறந்து வைத்து ஓட்டுவோம்."