தொட்டிப்பாலத்தில் ஒரு நெரிசல்

ஊட்டி என்றுதான் முதலில் பேச்சு.
பிறகு கொடைக்கானல். பிறகு ஒரு சுற்றறிக்கை.
கடைசியில் எங்கள் மாவட்டத்தையே
எங்களுக்குச் சுற்றிக்காட்ட
தலைக்கு இருநூற்று எண்பது ரூபாய் வாங்கினார்கள்.

கருங்கல் தாண்டுமுன்னே
ஷாஜின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.
வக்கீல், இல்லாவிட்டால் மீன் ஏலம்,
வாயால்தான் பிழைப்பு என்று தமிழம்மாவே சொன்னவன்.
"என்ன ஆவப்போறிய, ஆளுக்கு ஒரு வரி.
பொய் சொன்னா பாடணும்."

அபிஷா டாக்டர். அவளுக்குப் பின்னால்
டாக்டர் என்றே இன்னும் பதினொரு பேர்.
ஆஷிக்குக்கு அபுதாபியில் மாமா கடை:
"விசா வந்தாச்சு மக்கா."
சகாய ஆன்றோ கப்பலுக்குப் போவான்.
அவன் அப்பாவும் கடலுக்குத்தான் போகிறார்;
இவன் போவது மாதச் சம்பளத்துக்கு.
மெர்லின் சுஜி எழுந்து நின்று
பாலம் கட்டுவேன் என்றாள்,
ஏற்கெனவே பாதி கட்டி வைத்தவள் போல.
என் முறை வரும்போது தக்கலை வந்தது.
வளைவில் மைக்கின் வயர் கழன்றது.
நான் பாட வேண்டியிருக்கவில்லை.

அரண்மனையின் கருந்தரையில்
எங்கள் சாக்ஸ்கள் வழுக்கின.
தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டைவெள்ளை என்றார் கைடு.
அபிஷா குறித்துக்கொண்டாள், கேள்வியாக வரலாம்.
"எத்தன ஆம்லெட்டு போச்சு பாரு" என்றான் ஷாஜின்.

மாத்தூர் பாலத்தில்
தோளில் கைபோட்டு நடக்க முடியாது.
ஒருபக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் கைப்பிடி,
நடுவே ஓர் ஆளுக்கான வழி.
பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பதெல்லாம் அங்கே கலைந்தது.
கீழே பறளியாறு.
தென்னையின் உச்சந்தலையைக் குனிந்து பார்ப்பது
என்னமோ மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஏழாவது தூணுக்கு மேலே
மெர்லின் சுஜி உட்கார்ந்துவிட்டாள்.
"எனக்க காலு வரல்ல."

அவளுக்குப் பின்னால் இருபத்தாறு பேர்.
ஷாஜின் வாயைத் திறந்தான், மூடினான்.
சாரின் விசில் எங்கோ முன்னால் காற்றோடு போயிற்று.
வெயில். முன்னால் ஒரு முதுகு,
பின்கழுத்தில் இன்னொருவர் மூச்சு.

"எனக்கு ரெத்தம் கண்டா மயக்கம் வரும்"
என் முதுகிடம் சொன்னாள் அபிஷா,
"வீட்டுல ஆருக்கும் தெரியாது."
அதற்கும் பின்னாலிருந்து ஆஷிக்:
"விசா ஒண்ணும் வரல்ல.
மாமா போன் எடுத்து மூணு வாரமாச்சு."
யாரும் அவனைப் பாடச் சொல்லவில்லை.

ஆன்றோ நெல்லிக்காய்க் கொட்டையைக் கீழே விட்டு
வாட்சைப் பார்த்தான்.
"ரெண்டே முக்கால் செகண்ட். நூத்திப் பதினஞ்சு அடி இருக்கும்."
பிசிக்ஸில் அவன் பார்டர் பாஸ்.

"தூணு எத்தன?" கண்ணை மூடியபடியே கேட்டாள் சுஜி.
"இருவத்தெட்டு. போர்டுல போட்டிருந்து."
"இப்ப எத்தனையில இருக்கேன்?"
"ஏழு."
"செரி. ஒவ்வொண்ணா சொல்லு."

எழுந்தாள். இடதுகை கைப்பிடியில்.
ஆன்றோ எட்டிப் பார்த்துச் சொன்னான்: எட்டு.
வரிசை வாங்கி முன்னால் அனுப்பியது: எட்டு, எட்டு, எட்டு.
ஒன்பது. பத்து.
பதினாறு என்றதும் பழக்கத்தில்
"உள்ளேன் ஐயா" என்றாள் அபிஷா.
பாலமே சிரித்தது.
சுஜியும் சிரித்தாள், கண்ணைத் திறக்காமல்,
சிரித்துக்கொண்டே இரண்டு தூண் தாண்டிவிட்டாள்.

இருபத்தெட்டு.
மண்ணில் கால் வைத்து, திரும்பி,
முதல்முறையாக முழுப் பாலத்தையும் பார்த்தாள்.
கையால் அளந்தாள்.
"கைப்பிடி இன்னும் அரையடி உசரம் வேணும்."

பஸ் அக்கரையில்தான் நிற்கிறது என்று
அப்போதுதான் சார் சொன்னார்.

"நீ முன்னால நட" என்றாள் என்னிடம்.
என்ன ஆவேன் என்று இன்னும் சொல்லாத நான்
நடந்தேன்.
சட்டையின் பின்புறத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு
இருபத்தெட்டு என்றாள்,
இருபத்தேழு என்றாள்.